அடிமையின் வேதம், ஆண்டையின் வேதம்: அமெரிக்க வரலாறு கற்பிக்கும் வாசிப்பு நெறி

1865 மார்ச் 4 அன்று இரண்டாம் முறையாக அமெரிக்க அதிபர் பொறுப்பை ஏற்ற ஆபிரகாம் லிங்கன் சில நிமிடங்களே பேசினார். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. அந்தப் போரில் மாண்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். வெற்றி கைக்கெட்டிய அந்த வேளையில் அவர் வடக்கைப் புகழவும் இல்லை, தெற்கைத் தூற்றவும் இல்லை. போரிட்ட இரு தரப்பாரும் ஒரே வேதாகமத்தைப் படிக்கிறவர்கள், ஒரே கடவுளை வேண்டுகிறவர்கள் என்பதை நாட்டுக்கு நினைவூட்டினார்.

அது மேடை அலங்காரத்துக்குச் சொன்னது அல்ல. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை வாங்கி விற்றவர்களில் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவர்கள் ஏராளம். அந்த வாணிகத்தை ஒழிக்கப் போராடியவர்களில் பலர் போதகர்கள். அடிமைகளிலும் பெருந்தொகையினர் அதே கிறிஸ்துவைத் தொழுதார்கள். மூன்று சாராரும் திறந்தது ஒரே நூலை. அவர்கள் கண்ட முடிவுகளோ ஒன்றையொன்று மறுத்தன.

தென்மாநிலத்தார் வேதத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்துவிட்டார்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் அடிமைமுறைக்கு ஆதரவாக எழுதிய இறையியலாளர்களில் பலர் எபிரேயமும் கிரேக்கமும் கற்ற பெரும் படிப்பாளிகள். அவர்கள் எடுத்துக்காட்டிய வசனங்கள் உண்மையிலேயே வேதத்தில் இருக்கின்றன. அவர்களை எதிர்த்தவர்கள் பல மேடைகளில் பதில் சொல்லத் திணறினார்கள். அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? வேதத்திலா, வாசித்தவர்களிடமா, வாசித்த முறையிலா? கிறிஸ்தவ இறையியல் எதிர்கொண்ட கேள்விகளில் இதைவிடக் கடுமையானவை மிகச் சில.

வசனங்களின் சாட்சி

முதலில் நூலையே பார்ப்போம். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள். சாராளின் கொடுமை தாங்காமல் ஓடிய ஆகாரை, எஜமானியிடமே திரும்பிப்போகும்படி தேவதூதன் சொல்வதாக ஆதியாகமம் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. சுற்றியுள்ள இனத்தாரிடமிருந்து அடிமைகளை வாங்கவும், பிள்ளைகளுக்கு உடைமையாக விட்டுச்செல்லவும் லேவியராகமம் 25 இடம் தருகிறது. புதிய ஏற்பாட்டில் எபேசியர், கொலோசெயர், தீமோத்தேயு, தீத்து, பேதுருவின் முதலாம் நிருபம் ஆகிய எல்லாவற்றிலும் அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற அறிவுரை வருகிறது. பேதுருவின் நிருபம், கடுமையான எஜமானர்களுக்கும் கீழ்ப்படியுங்கள் என்கிறது. அடிமைமுறையை ஒழியுங்கள் என்று இயேசு நேரடியாகக் கட்டளையிட்டதாக நான்கு நற்செய்திகளிலும் எங்கும் இல்லை.

இதே நூலின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மனிதரைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்கிறது யாத்திராகமம் 21:16. எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்கிறது அதே அதிகாரம். எஜமான் அடித்து அடிமையின் கண்ணோ பல்லோ போனால் அதற்கு ஈடாக அவனுக்கு விடுதலை. எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது, அவன் விரும்பும் ஊரில் குடியிருக்க விட வேண்டும் என்கிறது உபாகமம் 23:15-16. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், ஆள்கடத்துவோரைக் கொலைகாரர்களின் வரிசையில் வைக்கிறது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடில்லை என்கிறது கலாத்தியர் 3:28. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இஸ்ரவேல் என்ற சமூகத்தின் பிறப்பே ஒரு விடுதலைக் கதை. எகிப்தில் செங்கல் சுமந்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்தவர் என்றுதான் அந்த நூல் தன் கடவுளை அறிமுகம் செய்கிறது.

ஆக, இரு பக்கத்துக்கும் வசனம் உண்டு. வசனத்துக்கு எதிர் வசனம் காட்டி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எந்த வசனத்தின் வெளிச்சத்தில் எதை வாசிப்பது என்பதே உண்மையான சிக்கல்.

நோவாவின் சாபம்

வாசிப்பு எப்படித் தடம்புரளும் என்பதற்கு ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை விடத் தெளிவான சான்று கிடையாது. வெள்ளத்துக்குப் பின் நோவா திராட்சை பயிரிட்டு, மது குடித்து, ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்த்துச் சகோதரர்களிடம் போய்ச் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் பின்புறமாக நடந்து வந்து தகப்பனைப் போர்த்துகிறார்கள். விழித்தெழுந்த நோவா சபிக்கிறார். ஆனால் அவர் காமைச் சபிக்கவில்லை, காமின் மகன் கானானைச் சபிக்கிறார். கானான் தன் சகோதரர்களுக்கு அடிமையாவான் என்பது சாபம்.

இந்தப் பகுதியில் தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அடுத்த அதிகாரம் காமின் பிள்ளைகளைக் கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான் என்று வரிசைப்படுத்துகிறது. ஆப்பிரிக்க மக்களோடு வழக்கமாக இணைக்கப்படும் கூஷ் இந்தச் சாபத்தின் பக்கமே வரவில்லை. கானானின் வழிவந்தவர்களாகச் சொல்லப்படுவோர் சீதோனியர், ஏத்தியர், எபூசியர் போன்ற மேற்காசிய மக்கள். இஸ்ரவேலர் பின்னாளில் கைப்பற்றிய நாட்டில் வாழ்ந்தவர்கள் இவர்கள்தான்.

இத்தனை தெளிவாக இருந்தும் சாபம் கானானிடமிருந்து காமுக்கு மாற்றப்பட்டது. காமிடமிருந்து கறுப்பின மக்கள் அனைவருக்கும் நீட்டப்பட்டது. 1444-இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்கள் பிடித்துவரப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். அந்தக் கடற்பயணங்களின் வரலாற்றை எழுதிய சூராரா என்ற அரசவை வரலாற்றாசிரியர், நோவாவின் சாபத்தையே அடிமைப்படுத்துவதற்கு நியாயமாகக் காட்டினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த வாசிப்பு உயிரோடு இருந்தது. 1861 மார்ச்சில் தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், சவான்னா நகரில் தங்கள் புதிய அரசின் அடித்தளத்தை விளக்கியபோது, கானானின் சாபத்தையும் சேர்த்தே பேசினார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வேதத்தை உள்ளது உள்ளபடி வாசிப்பதாகச் சொன்னவர்களே உள்ளதை மாற்றி, இல்லாததைச் சேர்த்தார்கள். வசனத்தில் இல்லாத நிறத்தை வசனத்துக்குள் கொண்டுவந்தது அட்லாண்டிக் சந்தை. கென்டக்கியைச் சேர்ந்த போதகர் ஜான் ஃபீ போன்றவர்கள் இந்த இடத்தில்தான் பிடித்தார்கள். வேதம் அடிமைமுறையை அனுமதிக்கிறது என்றால் அது எந்த நிறத்தாரையும் அடிமையாக்க அனுமதிக்கிறது, ஆகவே வெள்ளையரையும் வாங்கி விற்கலாம் என்றாகிறது, இதற்குச் சம்மதமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வசனத்திலிருந்து விடை சொல்ல வழியே இல்லை.

தொல்சபையின் இரண்டு குரல்கள்

அடிமைமுறையை எதிர்க்கும் வேத வாசிப்பு நவீன காலத்துக் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் உண்டு. அது உண்மையல்ல. இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில் வாழ்ந்த ஆயர் நிசா நகர கிரகோரியார், ஏறத்தாழ கி.பி. 380-இல் பிரசங்கி நூலைப் பற்றித் தொடர் மறையுரைகள் ஆற்றினார். வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் வாங்கினேன் என்று பிரசங்கி பெருமை பேசும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தார். மீன்கள், பறவைகள், விலங்குகள் மீது மனிதனுக்குக் கடவுள் அதிகாரம் கொடுத்தார். மனிதன் மீது மனிதனுக்குக் கொடுத்தாரா? கடவுளின் சாயலுக்கு என்ன விலை போடுவாய்? உலகம் முழுவதையும் கொடுத்தாலும் ஓர் ஆன்மாவுக்கு ஈடாகாது என்றால், ஓலைச் சீட்டும் சில காசுகளும் எப்படி ஈடாகும்? கடவுளே மனிதனைச் சுதந்திரமானவனாகப் படைத்து, பாவத்தில் விழுந்தவனையும் விடுதலைக்கு அழைக்கிறார், அப்படியிருக்க அவனை அடிமையாக்க நீ யார்? கிரகோரியாரின் வாதத்தின் சாரம் இது. அடிமைமுறை அடிப்படையிலேயே தவறு என்று இவ்வளவு நேரடியாகச் சொன்ன குரல் பண்டைக்காலத்தில் மிகவும் அரிது.

அவருக்குச் சில பத்தாண்டுகள் பின்னால் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீன், 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலின் 19-ஆம் பகுதியில் இதே ஆதியாகம வசனத்திலிருந்துதான் தொடங்குகிறார். மனிதன் விலங்குகளை ஆளவே படைக்கப்பட்டான், சக மனிதனை ஆள அல்ல என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் முடிவு வேறாகிறது. பாவம் உலகில் நுழைந்தபின் அடிமைமுறை ஒரு தண்டனையாக வந்தது, ஆகவே அடிமைகள் மனமுவந்து பணிசெய்ய வேண்டும், அநீதி முற்றாக ஒழியும் நாள் வரை பொறுத்திருக்க வேண்டும் என்கிறார். மேற்கத்திய திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிரகோரியாரை விட்டு அகுஸ்தீனின் வழியில் நடந்தது. தொடக்கம் ஒன்றாக இருந்தும் ஒருவர் நடைமுறையை வேதத்தின் முன் நிறுத்தி விசாரித்தார், மற்றவர் நடைமுறைக்கு வேதத்தில் விளக்கம் தேடினார்.

சொல்லுக்குச் சொல், நெறிக்கு நெறி

அமெரிக்காவில் முதல் எதிர்ப்புக் குரல்களுள் ஒன்று 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் எழுந்தது. நான்கு பேர் கையெழுத்திட்ட அந்த மனு, பிறர் உனக்குச் செய்ய விரும்புவதை நீ பிறருக்குச் செய் என்ற இயேசுவின் போதனையை அடிப்படையாகக் கொண்டது. ஆனால், அவர்கள் சார்ந்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவின் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்ய 1776 வரை ஆனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தியின் விலையோடு வாதத்தின் சூடும் ஏறியது. 1822-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வெஸி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்டார். அவர் யாத்திராகமத்தைத் தோழர்களுக்குப் படித்துக் காட்டினார் என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அதே நகரின் பாப்டிஸ்ட் போதகர் ரிச்சர்ட் ஃபர்மன், அடிமை வைத்திருக்கும் உரிமை வேதத்தில் தெளிவாக நிலைநாட்டப்பட்டுள்ளது என்று மாநில ஆளுநருக்கு எழுதினார். வேதம் தங்கள் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்ற அச்சம் அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்தது.

வாதத்தின் உச்சத்தை 1845-இல் நூலாக வந்த ஒரு கடிதப் பரிமாற்றத்தில் காணலாம். ஒருவர் பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் வேலண்ட். மற்றவர் தென் கரோலினாவின் ரிச்சர்ட் ஃபுல்லர். இருவரும் பாப்டிஸ்ட் போதகர்கள், ஒருவரையொருவர் மதித்தவர்கள். ஃபுல்லரின் வாதம் எளியது, வலியது. அடிமை வைத்திருப்பது பாவம் என்றால் அப்போஸ்தலர்கள் அதைக் கண்டித்திருப்பார்கள். விக்கிரக ஆராதனையையும் விபசாரத்தையும் கண்டித்தவர்கள் இதைக் கண்டிக்கவில்லை, அடிமை வைத்திருந்தவர்களைச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போஸ்தலர் பாவம் என்று சொல்லாததைப் பாவம் என்று சொல்ல நாம் யார்? வேலண்ட் மறுமொழி சொன்னார்: நற்செய்தி ஒவ்வொரு தீமைக்கும் தனித்தனிச் சட்டம் இயற்றவில்லை. அது நெறிகளை விதைத்தது. அந்த நெறிகள் வளர்ந்தால் அடிமைமுறை தானாகவே நிற்க முடியாமல் போகும்.

அன்றைய அமெரிக்க வாசகர்களில் பலருக்கு ஃபுல்லரின் பக்கமே உறுதியாகத் தெரிந்தது. வேதம் பாமரனுக்கும் புரியும்படி நேராகப் பேசுகிறது, வசனம் சொன்னால் சொன்னதுதான் என்பது அவர்களுக்கு ஊட்டப்பட்ட நம்பிக்கை. வேலண்டைப் போல் நெறி, போக்கு என்று பேசியவர்கள் வேதத்திலிருந்து நழுவுவதாகவே அவர்களுக்குப் பட்டது. வில்லியம் லாயிட் கேரிசனைச் சூழ்ந்திருந்த தீவிர அடிமைமுறை ஒழிப்புவாதிகளில் சிலர், வேதம் அடிமைமுறையை ஆதரித்தால் அந்த வேதமே வேண்டாம் என்று சொன்னது தெற்குக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

வாதம் சபைகளைப் பிளந்தது. அடிமைகளின் உடைமையாளரான ஆயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூவை முன்னிட்டு 1844-இல் மெதடிஸ்ட் சபை பிளவுண்டது. அடிமை வைத்திருப்பவர்களை மிஷனரிகளாக அனுப்ப பாப்டிஸ்ட் மிஷன் அமைப்புகள் மறுத்ததால் 1845 மே மாதம் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தென்மாநில பாப்டிஸ்ட் பேரவை தனியே உருவானது. நாடு பிளவுபடுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆலயங்கள் பிளவுபட்டுவிட்டன.

ஃபுல்லரின் வாதத்தில் ஓட்டை எங்கே? அவர் வசனத்துக்கு நேர்மையாக இருந்தார் என்று ஒப்புக்கொண்டாலும், தம் மாநிலத்தில் நடந்த அடிமைமுறையை அதே வசனங்களின் முன் முழுமையாக நிறுத்தவில்லை. ஏழாம் ஆண்டு விடுதலை எங்கே? உடைந்த பல்லுக்கு விடுதலை எங்கே? கடத்தப்பட்டவர்களை வாங்கிய குடும்பங்களின் சொத்துரிமை யாத்திராகமம் 21:16-இன் முன் நிற்குமா? கீழ்ப்படியச் சொன்ன வசனம் முழு எடையோடு வாசிக்கப்பட்டது. கட்டுப்படுத்திய வசனம் பழைய இஸ்ரவேலுக்கு மட்டும் உரியது என்று ஓரங்கட்டப்பட்டது. ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் புகழ்பெற்ற வேத அறிஞர் மோசஸ் ஸ்டூவர்ட், தப்பியோடியவர்களைப் பிடித்துக்கொடுக்க வகைசெய்த 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுற்றி எழுந்த வாதத்தில் உபாகமம் 23-ஐ இப்படித்தான் கையாண்டார். அந்த விதி புறஜாதி நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்றார். பவுல் ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பியதை மட்டும் என்றைக்கும் உரிய முன்மாதிரி ஆக்கினார்.

பிலேமோனுக்கு ஒரு கடிதம்

அந்த ஒநேசிமுவின் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம் 25 வசனங்கள் மட்டுமே கொண்டது. சிறையிலிருந்து எழுதுகிறார். பிலேமோனின் அடிமை ஒநேசிமு பவுலிடம் வந்து விசுவாசியாகியிருக்கிறான். அவனைத் தம்முடனே வைத்துக்கொள்ள விருப்பம் என்று சொல்லியும் திருப்பி அனுப்புகிறார். ஆனால் எப்படி அனுப்புகிறார்? இனி அடிமையாக அல்ல, அடிமைக்கு மேலான பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். என்னை வரவேற்பதுபோல் அவனை வரவேற்கச் சொல்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் தம் கணக்கில் எழுதச் சொல்லி, தாமே கொடுத்துத் தீர்ப்பதாக வாக்களிக்கிறார். கேட்டதற்கு மேலாகவே செய்வாய் என்று நம்புவதாகச் சொல்கிறார். கடைசியில், தமக்கு ஓர் அறை ஆயத்தம் பண்ணி வைக்கவும் சொல்கிறார். வந்து பார்ப்பேன் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. சட்டப்படி உடைமையாளனின் உரிமையில் கைவைக்காமல், அந்த உரிமையை நடத்திக்காட்ட முடியாத ஓர் உறவுக்குள் பிலேமோனை அவர் நிறுத்துகிறார். சகோதரனை விற்க முடியுமா?

ஒநேசிமு திருடிவிட்டு ஓடினான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவன் ஓடினான் என்றுகூடக் கடிதம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிஸோஸ்தோம் விளக்கம் எழுதியபோதே, எஜமானர்களிடமிருந்து அடிமைகளைப் பிரிக்கக் கூடாது என்பது இக்கடிதத்தின் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து அமெரிக்கத் தெற்கில் இது ஆள்பிடிக்கும் கடிதமாகவே வாசிக்கப்பட்டது.

1833-இல் ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுண்டியில் நடந்த ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. அடிமைகளுக்குச் சமயப் பணி செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட வெள்ளைப் போதகர் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ், கூடியிருந்த பெருங்கூட்டத்துக்குப் பிலேமோன் நிருபத்தைப் பிரசங்கித்தார். உண்மையும் கீழ்ப்படிதலும் வேலைக்காரரின் கிறிஸ்தவப் பண்புகள் என்றார். பவுலின் பெயரால் ஓடிப்போவதைக் கண்டித்தார். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து நடந்தார்கள். மீதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்தபின் சிலர் அப்படியொரு நிருபமே வேதத்தில் கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். வேறு சிலர் இது நற்செய்தியே அல்ல என்றார்கள். எஜமானர்களை மகிழ்விக்கவே இவர் பிரசங்கிக்கிறார் என்றார்கள் இன்னும் சிலர். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஜோன்ஸ்தான்.

அந்த மக்களில் பெரும்பாலோர்க்கு எழுத்து தெரியாது. அப்படியொரு நிருபம் இல்லை என்று அவர்கள் சொன்னது தகவல் அளவில் பிழை. இது நற்செய்தி அல்ல என்று சொன்னது இறையியல் அளவில் சரி. ஜோன்ஸ் வாசித்தது பவுல் எழுதிய கடிதத்தின் பாதியை. அந்தக் கடிதம் பிலேமோனிடம் என்ன கேட்டது என்ற மறுபாதியை அவர் வாசிக்கவில்லை. படிப்பறியாத கூட்டம் அந்தக் குறையை உணர்ந்துகொண்டது.

வெட்டப்பட்ட வேதம்

ஆண்டைகள் தங்கள் வாசிப்பைத் தாங்களே எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு அச்சிட்ட சான்று ஒன்று இருக்கிறது. 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் வெளியானது. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளின் பயன்பாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் என்று அதன் தலைப்பே கூறுகிறது. முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருந்தவை 232 மட்டுமே. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இல்லை. புதிய ஏற்பாட்டில் பாதி இல்லை. அடிமையாக விற்கப்பட்டும் பொறுமையாகப் பணிசெய்த யோசேப்பின் கதை உண்டு. மோசே மக்களை எகிப்திலிருந்து வெளியேற்றிய கதை இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் நிருபம் உண்டு. அடிமையும் சுயாதீனனும் ஒன்று என்னும் கலாத்தியர் வசனம் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் முழுதும் இல்லை. இதன் பிரதிகளில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வேதம் தங்கள் பக்கம்தான் என்று உறுதியாக இருந்திருந்தால் அதை வெட்ட வேண்டிய தேவை என்ன? தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப்படிக்கக் கற்பிப்பதைச் சட்டம் தடுத்ததன் காரணமும் இதுவே. ஃபிரெடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் சக அடிமைகளுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஞாயிறு பள்ளியை, சபையில் பொறுப்பிலிருந்தவர்களே தடிகளோடு வந்து கலைத்தார்கள். அவருடைய எஜமான் தாமஸ் ஆல்ட் 1832-இல் ஒரு மெதடிஸ்ட் முகாமில் மனந்திரும்பியவர். மனந்திரும்பிய பின் அவர் கொடுமை கூடியது என்று டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதுகிறார். ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்து, இரத்தம் சொட்டத் தோல்சாட்டையால் அடித்துக்கொண்டே, எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரன் அடிபடுவான் என்னும் லூக்கா 12-ஆம் அதிகார வசனத்தை ஆல்ட் சொல்வாராம். அந்த உவமையில் எஜமான் என்பது கடவுளைக் குறிக்கும். ஆல்ட் தம்மை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். நூலின் பின்னிணைப்பில் டக்ளஸ், கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு, இந்த நாட்டின் கிறிஸ்தவம் வேறு, முன்னதை நேசிப்பதாலேயே பின்னதை வெறுக்கிறேன் என்று தம் நிலையைத் தெளிவுபடுத்தினார். மதத்தை விட்டு வெளியே நின்று அவர் இதைச் சொல்லவில்லை. வேதத்தின் தீர்க்கதரிசிகள் தங்கள் நாட்டு ஆலயங்களைச் சாடிய அதே மரபில் நின்று சொன்னார்.

கொழும்பில் ஒரு கேள்வி

இந்த வழக்கின் எதிரொலி நம் பகுதிக்கும் எட்டியது. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1935-இல் அமெரிக்க மாணவர்கள் சார்பில் அனுப்பப்பட்ட குழு ஒன்றுக்குத் தலைமையேற்று இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளுக்கு வந்தார். கொழும்பில் சட்டம் பயிலும் மாணவர்களிடையே பேசி முடித்தபின் ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார். உங்கள் முன்னோரை அடிமைகளாக்கி விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், வேதத்தைக் காட்டி அதை நியாயப்படுத்தியவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றும் உங்களைத் தள்ளிவைப்பவர்கள் கிறிஸ்தவர்கள். நீங்கள் எப்படி அந்த மதத்தின் சார்பில் இங்கே வந்து நிற்க முடியும்? தர்மன் 1949-இல் வெளியிட்ட 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்ற நூல் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ரோமப் பேரரசின் காலடியில் வாழ்ந்த ஏழை யூதராக இயேசுவைப் பார்த்தால், தப்ப வழியின்றிச் சுவரோடு நெருக்கப்பட்டவர்களுக்கே அவர் முதலில் பேசினார் என்பது புலப்படும் என்பது அவர் தந்த விடை.

அதே நூலில் தர்மன் தம் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அவர் அடிமையாகப் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாதவர். பேரன் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது வழக்கம். பவுலின் நிருபங்களை மட்டும் அவர் வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய முதலாம் கொரிந்தியர் 13 ஒன்றே விலக்கு. ஏன் என்று பின்னாளில் கேட்டபோது காரணம் சொன்னார். எஜமானின் போதகர் அடிமைகளுக்குப் பிரசங்கிக்க வரும்போதெல்லாம் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் வசனத்தையே எடுப்பார். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று அன்றே கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் அந்த மூதாட்டி.

இதுவும் ஒரு வேத விளக்கம்தான், அதுவும் ஆழமானது. வேதத்தைத் தள்ளிவிடாமல், அன்பு என்ற அளவுகோலால் வேதத்தின் பகுதிகளை எடைபோட்டிருக்கிறார். பவுலிடமிருந்தே அவர் எடுத்துக்கொண்டது எதை என்று பாருங்கள்.

அளவுகோல் எது?

எந்த வசனத்தை மையமாக்குவது என்ற தெரிவைத் தவிர்த்துவிட்டு வேதம் வாசிக்கிறவர் எவருமில்லை என்பதே இந்த நீண்ட வழக்கு காட்டும் முதல் உண்மை. ஃபுல்லரும் தெரிந்தெடுத்தார், வேலண்டும் தெரிந்தெடுத்தார். 1807-இன் பதிப்பாளர்கள் கத்தரிக்கோலால் செய்ததைப் பலர் கண்ணால் செய்தார்கள். தெரிவு செய்வதில் குற்றமில்லை. தெரிவு செய்துகொண்டே, நான் எதையும் தெரிவு செய்யவில்லை, வசனம் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்று சாதிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அப்படிச் சாதிப்பவர் தம் தெரிவுக்குக் கணக்குக் கொடுக்க மறுக்கிறார்.

எப்படியும் வாசிக்கலாம் என்றும் இதற்குப் பொருளில்லை. ஓர் அளவுகோல் உண்டு. அதைச் சொன்னவர் அகுஸ்தீனே. 'கிறிஸ்தவப் போதனை' என்ற நூலின் முதல் பகுதியில் அவர் ஒரு விதி வகுக்கிறார். வேதத்தைப் புரிந்துகொண்டதாக ஒருவர் நினைத்தும், அந்தப் புரிதல் கடவுளன்பையும் பிறனன்பையும் கட்டியெழுப்பவில்லை என்றால், அவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. எல்லாக் கட்டளைகளும் இந்த இரண்டு அன்பில் அடங்கும் என்ற இயேசுவின் விடையிலிருந்து பிறந்த விதி இது. அதாவது வேதத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த கோல் அல்ல, வேதமே தன்னை அளக்கத் தந்த கோல். அகுஸ்தீன் தாம் வகுத்த விதியை அடிமைமுறையின் மீது முழுமையாகப் பயன்படுத்தவில்லை. அவர் விட்ட இடத்தை ஜார்ஜியாவில் எழுந்து நடந்தவர்களும் தர்மனின் பாட்டியும் நிறைவு செய்தார்கள்.

இந்த விதியோடு இன்னொன்றையும் அமெரிக்க வரலாறு சேர்க்கச் சொல்கிறது. ஒரு வாசிப்பு அன்பைக் கட்டியெழுப்புகிறதா என்பதை வாசிப்பவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஃபர்மனும் ஜோன்ஸும் தாங்கள் அடிமைகளை நேசிப்பதாகவே மனதார நம்பினார்கள். அந்த வாசிப்பின் பாரத்தை முதுகில் சுமப்பவர்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும். அவர்களுக்கு வாசிக்கவும் பேசவும் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் சொல்லப்படும் எந்த விளக்கமும் பாதி விசாரணையில் எழுதிய தீர்ப்பு.

1995-இல், தொடங்கி 150 ஆண்டுகள் ஆனபோது, தென்மாநில பாப்டிஸ்ட் பேரவை அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்துக்காக வேதத்தில் ஒரு வசனமும் மாற்றப்படவில்லை. 1845-இல் இருந்த அதே 66 புத்தகங்களே 1995-இலும் இருந்தன. மாறியது வாசிப்பு. அது மாறுவதற்குள் எத்தனை தலைமுறைகள் விற்கப்பட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்றும் பெண்களைப் பற்றி, சாதியைப் பற்றி, அந்நியரைப் பற்றி ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம், நம்மிடமும் கேட்டுக்கொள்ளலாம். இந்த வசனத்தின் அருகே எந்த வசனத்தை வாசிக்காமல் விட்டோம்? இந்த வாசிப்பால் ஆதாயம் யாருக்கு? இதனால் அடிபடுகிறவர் இதே பக்கத்தைப் படித்தால் என்ன சொல்வார்? இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லாமல் வேதம் இப்படித்தான் சொல்கிறது என்று யாரும் முழங்க வேண்டாம். வேதத்தை மதிப்பவர்களுக்கே இந்தக் கடமை முதலில் உரியது.